தூக்கத்துக்கும் ஒரு நாள்வழிக் கணக்கு



கடையில் சரக்கு குறைந்தால் உடனே கண்டுபிடித்துவிடுகிறோம். கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தாலும் இரவு உட்கார்ந்து கூட்டிப் பார்க்கிறோம். ஆனால் மாதக்கணக்கில் தூக்கம் குறைந்து வருவதை மட்டும் "வியாபாரம் என்றால் அப்படித்தான்" என்று தள்ளிவிடுகிறோம். விழுப்புரம் எம்.ஜி. ரோட்டிலும் திண்டிவனம் நேரு வீதியிலும் கடை வைத்திருப்பவர்களிடம் கேட்டால், "படுத்தால் தூக்கம் வருவதில்லை", "இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்" என்று சொல்பவர்கள் பலர். இந்தப் பாடம் அவர்களுக்காக.

ஒரு இரவு, இரண்டு இரவு தூங்காமல் இருப்பது நோய் அல்ல. திருமண வீட்டிலும் தூங்குவதில்லை, கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்திலும் தூங்குவதில்லை. வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல், மூன்று மாதங்களுக்கு மேல் இந்த நிலை தொடர்ந்து, பகலில் வேலையும் கெட்டால் அதை மருத்துவர்கள் நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். மருந்து இல்லாமல் அதைச் சரிசெய்ய ஒரு முறை இருக்கிறது. அதைப் புத்தகத்திலிருந்தோ செல்பேசியிலிருந்தோ நாமே கற்றுக்கொள்ளவும் முடியும்.

புயல் போய்விட்டது, விழிப்பு போகவில்லை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. நம் மாவட்டத்தில் எத்தனை கடைகளில் தண்ணீர் புகுந்தது, எத்தனை மூட்டை அரிசியும் பருப்பும் சர்க்கரையும் வீணாயின என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அந்த வாரம் யாருக்கும் தூக்கம் வந்திருக்காது. அது இயல்பு.

ஆனால் கடையைக் கழுவி, புதுச் சரக்கு இறக்கி, வியாபாரம் ஓடத் தொடங்கிய பிறகும் சிலருக்குத் தூக்கம் திரும்பி வருவதில்லை. ஏன்? அமெரிக்க உளவியல் அறிஞர் ஆர்தர் ஸ்பீல்மேன் 1987-ல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். நம் பேச்சில் சொன்னால் அது ஓர் அடுப்புக் கணக்கு. சிலர் பிறவியிலேயே எளிதில் விழித்துக்கொள்ளும் சுபாவம் உள்ளவர்கள். அது காய்ந்த விறகு. புயல், கடன், வீட்டில் ஒரு சாவு, மகள் திருமணம் போன்றவை நெருப்புக்குச்சி. குச்சி அணைந்த பிறகும் அடுப்பை எரிய வைப்பது நாமே ஊற்றும் எண்ணெய்.

அந்த எண்ணெய் எது? தூக்கம் வராததற்காக நாம் செய்யும் பரிகாரங்களே. இரவு சரியாகத் தூங்கவில்லை என்று மதியம் மூட்டைமேல் சாய்ந்து இரண்டு மணி நேரம் தூங்குகிறோம். களைப்புப் போக மாலையில் மூன்று டீ குடிக்கிறோம். "சீக்கிரம் படுத்தாலாவது வருமா" என்று ஒன்பது மணிக்கே படுக்கிறோம். வராமல் புரளும்போது செல்பேசியை எடுத்து நாளைய மண்டி விலையைப் பார்க்கிறோம். இப்படி ஆறு மாதம் செய்தால் படுக்கை என்பது தூங்கும் இடமாக இல்லாமல் விழித்திருக்கும் இடமாகிவிடுகிறது.

விழுப்புரம் சந்திப்பு அருகே குடியிருப்பவர்களைப் பாருங்கள். இரவெல்லாம் ரயில் போய்க்கொண்டிருக்கும், அவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதே மனிதர், கடை ஷட்டர் லேசாக அசைந்தால் எழுந்துவிடுவார். எதற்கு விழிப்பது, எதற்கு விழிக்கக் கூடாது என்பதை மூளை பழக்கத்தால் கற்றுக்கொள்கிறது. பழக்கத்தால் வந்ததைப் பழக்கத்தாலேயே மாற்றலாம் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை.

சிகிச்சையின் பெயரும் சான்றும்

இதன் பெயர் எண்ணம்-நடத்தைச் சிகிச்சை. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து சி.பி.டி. என்பார்கள். தூக்கமின்மைக்கென உள்ள பிரிவு சி.பி.டி.-ஐ. படுக்கையைத் தூக்கத்தோடு மீண்டும் இணைக்கும் முறையை ரிச்சர்டு பூட்சின் 1972-ல் வகுத்தார். படுக்கை நேரத்தைச் சுருக்கும் முறை மேலே சொன்ன ஸ்பீல்மேனுடையது. இரண்டையும் மையமாக வைத்து, கவலை எண்ணங்களைக் கையாளும் பயிற்சியையும் சேர்த்ததே இன்றைய சிகிச்சை.

நாள்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்களுக்கு மாத்திரைக்கு முன்பாக முதலில் தர வேண்டியது இந்தச் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் வழிகாட்டியது. 2015-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 20 ஆய்வுகளில் இருந்த 1,162 பேரின் விவரத்தைக் கூட்டிப் பார்த்தது. நேரில் இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் சராசரியாக 19 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். நடு இரவில் விழித்துக் கிடக்கும் நேரம் 26 நிமிடம் குறைந்தது.

ஊருக்கு ஊர் இதற்குப் பயிற்சி பெற்ற உளவியலாளர் கிடைப்பது அரிது. அதனால்தான் இதை இணையவழிப் பாடமாக மாற்றினார்கள். 2012-ல் பிரிட்டனில் 164 பேரை வைத்து, கணினியே பாடம் நடத்தும் ஒரு முறையைச் சோதித்தார்கள். போலிப் பாடம் பெற்றவர்களைவிட உண்மைப் பாடம் பெற்றவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். அந்த 'ஸ்லீப்பியோ' என்னும் முறையை 2022-ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, தூக்க மாத்திரைக்கு மாற்றாகப் பரிந்துரைத்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை 'இன்சோம்னியா கோச்' என்னும் ஐந்து வாரப் பயிற்சிச் செயலியை இலவசமாக வெளியிட்டுள்ளது.

ஆங்கிலம் தடையாக இருந்தால் கல்லூரியில் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் செயலி செய்யும் முக்கிய வேலை கணக்குப் போடுவதுதான். கணக்கு நமக்குக் கைவந்த கலை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

முதல் பாடம்: நாள்வழி எழுதுதல்

ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள். தினமும் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக ஐந்து விவரங்களை எழுதுங்கள்.

1. நேற்று எத்தனை மணிக்குப் படுத்தேன்?
2. தூங்க எவ்வளவு நேரம் ஆனது?
3. நடுவில் மொத்தம் எவ்வளவு நேரம் விழித்திருந்தேன்?
4. கடைசியாக விழித்தது எப்போது, படுக்கையை விட்டு எழுந்தது எப்போது?
5. பகலில் தூங்கிய நேரம், கடைசி டீ அல்லது காபி குடித்த நேரம்.

இரவில் கடிகாரம் பார்த்துக் குறிக்க வேண்டாம். காலையில் குத்துமதிப்பாக எழுதினால் போதும்.

வார முடிவில் ஒரு வகுத்தல். தூங்கிய நேரத்தைப் படுக்கையில் இருந்த நேரத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். இதுவே தூக்கத் திறன்.

உதாரணமாகத் திண்டிவனத்தில் மளிகை வைத்திருக்கும் 52 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரவு 10 மணிக்குப் படுத்து காலை 6 மணிக்கு எழுகிறார். படுக்கையில் இருப்பது 480 நிமிடம். தூங்க 75 நிமிடம் ஆகிறது. நடுவில் 60 நிமிடம் விழிப்பு. 5.15-க்கு விழித்து 6 மணிவரை 45 நிமிடம் சும்மா படுத்திருக்கிறார். ஆக விழிப்பு 180 நிமிடம், தூக்கம் 300 நிமிடம். திறன் 62.5 சதவீதம். எட்டு மணி நேரத்துக்கு வாடகை கொடுத்து ஐந்து மணி நேரச் சரக்குதான் வீட்டுக்கு வருகிறது. இப்படி நடக்கும் குடோனை நாம் விட்டுவைப்போமா?

இரண்டாம் பாடம்: படுக்கை நேரத்தைச் சுருக்குதல்

கேட்பதற்கு விபரீதமாகத் தோன்றும். தூக்கம் வராதவரைத் தாமதமாகப் படுக்கச் சொல்கிறது இந்தப் பாடம். காரணம் உண்டு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உடலில் தூக்கப் பசி சேர்கிறது. பசி இல்லாமல் இலையில் உட்கார்ந்தால் சாப்பாடு இறங்காது. தூக்கமும் அப்படியே.

நம் உதாரணக் கடைக்காரர் சராசரியாகத் தூங்கும் 5 மணி நேரத்தோடு அரை மணி சேர்த்து ஐந்தரை மணி நேரத்தைத் தம் படுக்கை நேரமாக வைக்கிறார். காலை 5 மணிக்கு எழ வேண்டும் என்று முதலில் முடிவு செய்கிறார். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் இரவு 11.30-க்குத்தான் படுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உட்பட எல்லா நாளும் இதே நேரம்.

ஒரு வாரம் கழித்து மீண்டும் கணக்கு. விதி இதுதான்.

திறன் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். 80 முதல் 85 வரை என்றால் மாற்ற வேண்டாம். 80-க்குக் கீழ் என்றால் 15 நிமிடம் குறைக்க வேண்டும். எந்தக் காரணம் கொண்டும் படுக்கை நேரம் 5 மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது.

முதல் வாரம் அவர் 330 நிமிடத்தில் 290 நிமிடம் தூங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். திறன் சுமார் 88. எனவே அடுத்த வாரம் 11.15-க்குப் படுக்கிறார். இப்படி வாரம் 15 நிமிடமாக முன்னேறி ஐந்தாம் வாரம் 10.30-க்குப் படுத்து, 390 நிமிடத்தில் 350 நிமிடம் தூங்குகிறார். திறன் சுமார் 90. தூக்கம் 50 நிமிடம் கூடியிருக்கிறது. அதைவிட முக்கியம், 180 நிமிடம் புரண்டது 40 நிமிடமாகக் குறைந்துவிட்டது. எல்லோருக்கும் இதே எண்கள் வராது. ஒருவருக்கு வேகமாகவும் இன்னொருவருக்கு மெதுவாகவும் நகரும்.

ஓர் எச்சரிக்கை

முதல் இரண்டு வாரம் பகலில் தூக்கம் சொக்கும். இதை மறைத்துப் பாடம் சொல்வது தவறு. கோயம்பேட்டுக்கு இரவு வண்டி ஓட்டிச் செல்பவர்கள், விடியற்காலையில் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் இருசக்கர வண்டியில் போகிறவர்கள், மாவு மில், எண்ணெய் மில் இயந்திரத்தில் நிற்பவர்கள் இந்த இரண்டாம் பாடத்தைத் தாமாகத் தொடங்கவே கூடாது. பின்னிரவு 2 மணி முதல் விடியற்காலை 6 மணிவரை மூளை தானாகவே கண்ணயரும் நேரம். அந்த நேரத்தில் தூக்கக் கடனோடு வண்டி ஓட்டினால் போவது சரக்கு மட்டுமல்ல. வலிப்பு நோய், இருதுருவ மனநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தடுமாறி விழும் நிலையில் உள்ள முதியவர்கள் ஆகியோரும் மருத்துவர் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. இவர்கள் அடுத்து வரும் பாடங்களைச் செய்யலாம். முதியவர்கள் மட்டும் இரவில் எழுந்து நடக்கும் பயிற்சியில் விளக்கும் துணையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் பாடம்: படுக்கை தூங்க மட்டும்

தூக்கம் கண்ணைச் சுற்றும்போது மட்டும் படுக்க வேண்டும். களைப்பு வேறு, தூக்கம் வேறு. படுத்துக் கால் மணி நேரம் ஆகியும் வரவில்லை என்று தோன்றினால் எழுந்துவிட வேண்டும். கூடத்திலோ திண்ணையிலோ மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து பழைய வார இதழ் படிக்கலாம், மெல்லிய பாட்டுக் கேட்கலாம். சொக்கியதும் திரும்பிப் படுக்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் இப்படிச் செய்யலாம்.

படுக்கையில் பற்று நோட்டு, செல்பேசி, விலைப் பட்டியல் எதுவும் கூடாது. இல்லற வாழ்வுக்கு மட்டும் விதிவிலக்கு. கடையிலேயே மூட்டைகளுக்கு நடுவில் படுப்பவர்கள், கணக்கு எழுதும் இடத்தையும் படுக்கும் இடத்தையும் ஒரு தட்டியாவது வைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

மதியத் தூக்கம் நம் ஊர் வழக்கம். பயிற்சி நடக்கும் ஆறு வாரம் மட்டும் அதை விட்டுவிடுவது நல்லது. முடியாதவர்கள் மூன்று மணிக்கு முன்பு 20 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். டீயில் உள்ள காபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணி டீயில் பாதி இரவு பதினொரு மணிக்கும் உடலில் இருக்கும். மதியம் இரண்டு மணியோடு டீயை முடித்துக்கொள்ளுங்கள். மது கண்ணை மூட வைக்கும், ஆனால் நடு இரவில் எழுப்பிவிடும்.

நான்காம் பாடம்: கவலைக்கு ஒரு பேரேடு

இதுவரை சொன்னது நடத்தை. இனி எண்ணம்.

"மண்டிக்குத் தர வேண்டியது நிற்கிறது, தண்டல்காரர் நாளை வருவார், 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. கணக்குக் காட்ட வேண்டும்." இவை கற்பனைக் கவலைகள் அல்ல. எந்தச் சிகிச்சையும் கடனை அடைக்காது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு நினைப்பதால் எந்தக் கடனும் அடைவதில்லை. அந்த நேரத்தில் யாருக்கும் போன் செய்ய முடியாது, எந்த வங்கியும் திறந்திருக்காது.

எனவே மாலை வேளையில், வியாபாரம் சற்று ஓயும் கால் மணி நேரத்தைக் கவலைக்கு ஒதுக்குங்கள். தாளின் இடப்பக்கம் கவலையை எழுதுங்கள். வலப்பக்கம் நாளை செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள். "மண்டிக் கடன்" என்பது கவலை. "நாளை 11 மணிக்குப் போய்ப் பாதியைக் கொடுத்து மீதிக்குத் தவணை கேட்பது" என்பது காரியம். செய்ய எதுவும் இல்லாத கவலை என்றால் "இப்போதைக்கு வழியில்லை" என்றே எழுதிவிடுங்கள். நோட்டை மூடி கல்லாப்பெட்டியில் வையுங்கள். இரவில் அது நினைவுக்கு வந்தால் "பதிவாகிவிட்டது" என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

தூக்கத்தைப் பற்றிய கவலையும் இப்படியே. "இன்று தூங்காவிட்டால் நாளை கடையே நடத்த முடியாது" என்ற எண்ணம் வந்தால் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். மோசமாகத் தூங்கிய நாளிலும் கடையைத் திறந்திருக்கிறீர்கள், சரக்குப் போட்டிருக்கிறீர்கள். சில்லறையில் ஒன்றிரண்டு தவறு, வாடிக்கையாளரிடம் கொஞ்சம் எரிச்சல் இருந்திருக்கும். கஷ்டம்தான், ஆனால் முடிந்தது. இப்படி எழுத்தில் பார்க்கும்போது பயம் இறங்கும். பயம் இறங்கினால் தூக்கம் ஏறும்.

மாத்திரை பற்றி

அல்பிரசோலம், சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகள் எச்-1 அட்டவணையில் உள்ளன. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது. யாருக்கு விற்றது என்பதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். மருந்துக்கடை வைத்திருக்கும் நம் நண்பரிடம் "ரெண்டு கொடுப்பா" என்று கேட்டு அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். ஏற்கெனவே பல மாதமாகச் சாப்பிடுபவர்கள் இந்தப் பாடத்தைப் படித்த வேகத்தில் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அது ஆபத்து. மருத்துவர் சொல்படி சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போவது

பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்பதாக வீட்டில் சொன்னால், கால்களில் குறுகுறுப்பு இருந்தால், சிறுநீருக்காக மூன்று நான்கு முறை எழுந்தால் முதலில் பரிசோதனை தேவை. நீரிழிவு, தைராய்டு, மூச்சுத்தடை நோய்களுக்கு நோட்டுப் புத்தகம் மருந்தாகாது. திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டலாம். புதுச்சேரி ஜிப்மரும் நமக்குப் பக்கம்தான்.

எதிலும் மனம் ஒட்டவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். கடனால் மனம் உடைந்த நண்பர் யாராவது இருந்தால் இந்த எண்ணை அவர் கையில் எழுதிக் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசவும் வையுங்கள்.

பாதியில் விடாதிருக்க

இணையவழிப் பாடங்களின் பெரிய குறை, தொடங்குபவர்களில் பலர் பாதியில் விட்டுவிடுவதுதான். கேட்க ஒரு ஆள் இருந்தால் முடிப்பவர்கள் கூடுகிறார்கள். எனவே இரண்டு கடைக்காரர்கள் சேர்ந்து தொடங்குங்கள். வாரம் ஒருமுறை ஒருவர் நோட்டை இன்னொருவர் பார்க்கட்டும். செயலி வழியாகச் செய்பவர்கள், "முதல் வாரம் இலவசம்" என்று வங்கிக் கணக்கில் தானியங்கிப் பிடித்தம் கேட்கும் செயலிகளிடம் கவனமாக இருங்கள். சரக்கைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கிற வழக்கம் நமக்கு இல்லை, இதிலும் வேண்டாம்.

பயிற்சி

இன்று இரவு கடை சாத்தும்போது ஒரு புது நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாளை காலை முதல் ஏழு நாள் ஐந்து விவரங்களை எழுதுங்கள். எட்டாம் நாள் காலையில் உங்கள் தூக்கத் திறனை நீங்களே வகுத்துப் பாருங்கள். 85-க்கு மேல் வந்து பகலிலும் தெளிவாக இருந்தால், உங்களுக்கு இந்தப் பாடம் தேவையில்லை. நோட்டைப் பற்று எழுத வைத்துக்கொள்ளலாம். குறைந்தால், மேலே சொன்ன எச்சரிக்கையை இன்னொரு முறை படித்துவிட்டு இரண்டாம் பாடத்துக்குப் போங்கள்.